க. இராசமணியும் சி. இராசமணியும்

என் இராசமணிக்கு,

நீ போன இடத்தில் உன் நெஞ்சை அடைத்த உமிப் புகை இல்லை என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல எமிலியா எழுதுகிறாள். மில்லில் உன்னோடு நின்று நெல் அவித்த அதே முல்லைத்தீவு எமிலியாதான். இப்போது நெளுக்குளத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். உன் அலுவலுக்காகவே பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறாள்.

உன் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு, உன் சேமலாப நிதியைக் கேட்டுத் தொழில் கந்தோருக்குப் போனேன். மாதாமாதம் உன் சம்பளத்தில் வெட்டி, முதலாளி தன் பங்கையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்க வேண்டிய காசு. வயது போன காலத்தில் உதவும் என்று சொல்லித்தான் வெட்டினார்கள். நீ உயிரோடு இருந்து கேட்டபோதெல்லாம் முதலாளியின் மகன் "பாப்பம் அம்மா" என்றான். பாப்பம் பாப்பம் என்றே உன்னைச் சுடலை வரைக்கும் அனுப்பிவைத்தான்.

கந்தோரில் இருந்த அதிகாரிப் பிள்ளை நல்லவள். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னாள். கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, க. இராசமணி எண்டு ஒரு ஆள் இருக்கிறா. ஆனா அவா கலியாணத்தோட வேலையை விட்டிட்டா எண்டு மில்லால அறிவிச்சிருக்கினம்."

"அவா என்ர மனுசி, பிள்ளை. கட்டின பிறகும் அங்கைதான் நிண்டவா. நாட்டில சண்டை வந்து மில் பூட்டுமட்டும் நிண்டவா."

"அப்பிடியெண்டா சி. இராசமணி எண்டு பதிஞ்சிருக்கவேணும். அப்பிடி ஒரு ஆளை அந்த மில்லில ஒருநாளும் பதியேல்லை, ஐயா."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம் கலியாணம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? மில் கணக்கப்பிள்ளை, "இனித் தேப்பன்ர எழுத்து வேண்டாம், மாப்பிள்ளையின்ர எழுத்துத்தான்" என்று சிரித்தபடி, உன் அப்பா கந்தையாவின் 'க'வை வெட்டிவிட்டு என் பெயர் சின்னத்தம்பியின் 'சி'யைப் போட்டார். முதலாளி எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அன்று பின்னேரம் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்துகொண்டு நீ சொன்னாய்: "இஞ்சாருங்கோ, இப்ப நான் மில்லிலையும் உங்கட ஆள்." எனக்கும் பெருமைதான். நம் சனம் எல்லாரும் செய்கிற காரியம். அதில் யார் குற்றம் பார்ப்பார்கள்?

மில்காரர் அதில் லாபம் பார்த்தார்கள். 'க' வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று கொழும்புக்கு அறிவித்தார்கள். 'சி'யை அங்கே பதியவே இல்லை. உன் சம்பளத்தில் வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இதைக் கேட்டு எமிலியா சிரித்தாள். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அண்ணை, நான் கட்டாமலே இருந்திட்டன். என்ர எழுத்து மாறேல்லை, என்ர காசு ஒழுங்கா வந்தது. பாவம் இராசக்கா, அவா மில்லுக்கும் சேர்த்தெல்லோ சீதனம் குடுத்திருக்கிறா."

'க'வின் பெயரில் கிடக்கும் கொஞ்சத்தை எடுப்பதற்கும் வழி இல்லை. உன் மரணச் சான்றிதழில் இருப்பது சி. இராசமணி. இரண்டும் ஒரே ஆள் என்று மில்காரர் கடிதம் தரவேண்டும். கந்தோரைப் பொறுத்தவரை நீ பாதிதான் செத்திருக்கிறாய், இராசம். மற்றப் பாதி கலியாணம் கட்டிக்கொண்டு போய் இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறாள்.

கந்தோரில் நான் விசாரித்தது தெரிந்ததும் முதலாளியின் மகன் வீட்டுக்கே வந்தான். நீ செத்ததுக்கு வராதவன்.

"ஐயா, கடிதம் நான் தாறன். 'க'வின்ர காசை நாளைக்கே எடுக்கலாம். நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி மட்டும் தாங்கோ, கலியாணத்துக்குப் பிறகு அம்மா எங்களிட்டை வேலை செய்யேல்லை எண்டு. கைநாட்டுப் போதும்."

"அப்ப அவா எங்கை இருந்தவா எண்டு எழுதுவியள் தம்பி?"

"வீட்டில சும்மா இருந்தவா எண்டு."

"வீட்டில சும்மா இருந்தவளின்ர நெஞ்சுக்குள்ள உமியை நானோ ஊதினனான்?"

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனான். போகும்போது, "யோசியுங்கோ ஐயா, உங்களுக்கும் கண் தெரியேல்லை" என்றான். அது உண்மை. வலக்கண்ணைக் கண்புரை முழுக்க மறைத்துவிட்டது. அந்தக் காசு இருந்தால் வெட்டிச் சுகப்படுத்தலாம். நீ இருந்தால் என்ன சொல்வாய்? "வாங்கிக்கொண்டு கண்ணைப் பாருங்கோ" என்றுதான் சொல்வாய். அதனால்தான் இந்த விசயத்தில் உன்னைக் கேட்கவில்லை.

திரும்பவும் அந்தப் பிள்ளையிடம் போனேன். "காசை அனுப்பாதது முதலாளியின்ர பிழை, அவாவின்ர பிழை இல்லை, ஐயா. கூட வேலை செய்த ஆக்கள் வந்து வாக்குமூலம் குடுத்தால் விசாரிக்கலாம். ஆனா சுணங்கும், கனநாள் எடுக்கும்" என்றாள். எவ்வளவு சுணங்கும் என்று கேட்டேன். என் நரைத்த தலைமயிரைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை விசாரணை. முதலாளியின் மகனும் வருவான். எமிலியா வாக்குமூலம் கொடுப்பாள். "இராசக்காவோட நான் பிடிச்ச சண்டையெல்லாம் சொல்லப்போறன். இல்லாத ஆளோட ஆரும் அவ்வளவு சண்டை பிடிப்பினமோ?" என்கிறாள். எந்த அடுப்பு உன்னுடையது, மழை இருட்டினால் களத்து நெல்லை யார் யார் ஓடி இழுத்து மூடுவீர்கள், வயிற்றில் பிள்ளையோடு எந்த மூட்டையில் சாய்ந்து இருந்தாய், எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவன் தலையைக் குனிந்தாலும் குனியாவிட்டாலும் இருந்து கேட்கத்தான் வேண்டும்.

காசு வருமோ தெரியாது. வரும்போது நான் இருப்பேனோ அதுவும் தெரியாது. ஆனால் இதைக் கேள், இராசம். நீ சும்மா இருந்தவள் என்று சொல்கிற எந்தக் கடதாசியிலும் என் விரல் படாது. மற்றக் கண்ணும் மூடட்டும், படாது.

உன் மனுசன்,
கந்தையாவின் மருமகன்
சின்னத்தம்பி