கூட்ஸ் வண்டியை வாசித்தவர்

மாமு,

போன செவ்வாய்க்கிழமை பட்டறையில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிய மோட்டாரை வார்னிஷில் முக்கி அடுப்பில் வைக்கும்போது வரும் அந்த வாடை உனக்கு ஆகாது. வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிடுவாய். அந்த வாடைக்கு நடுவில் எர்ணாவூரிலிருந்து ஒருவர் பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலிலிருந்து இறக்கிய பழைய சாமான். காயிலும் பேரிங்கும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார். மோட்டாரின் தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. எப்படி ஏறும்? கப்பல் கரண்ட் நொடிக்கு அறுபது தடவை துடிக்கும். நம் ஊர் கரண்டுக்கு ஐம்பதுதான். அறுபதுக்கென்று செய்த மோட்டாரை இங்கே மாட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் ஓடும். கப்பல் சாமான் என்றால் வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, தகட்டில் இருக்கும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன்.

பாதி வகுப்பில் வாய் நின்றுவிட்டது. உன் ரெக்கார்டு பிளேயர் ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத காரியம், அதனால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

துறைமுகத்தில் நீ டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. உடைக்கப் போகிற ஒரு பழைய கப்பலைக் காலி செய்தபோது, அதில் சமையல் வேலை பார்த்தவர் உன் கையில் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் எப்போதோ கடல்தண்ணீர் புகுந்திருந்தது. உறைகள் அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தன. பாதித் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த தாளும் கரைந்து போயிருந்ததால் யார் பாடியது, யார் வாசித்தது என்று ஒன்றும் தெரியவில்லை. ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தாய்.

நான் தகட்டைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. நூற்றுப்பத்து வோல்ட் என்று இருந்தது. உடனே வோல்ட்டைக் குறைக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டி மாட்டினேன். தட்டு சுற்றியது, ஊசி இறங்கியது, சத்தம் வந்தது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். வேலை முடிந்தது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன். வோல்ட்டுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

அந்தத் தட்டுகளில் இருந்த மாதிரி இசையை நாம் அதற்கு முன் கேட்டதே இல்லை. மின்சாரப் பியானோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும். கிதார் ஒரு பக்கம் தேம்பும். அதன் மேல் ஒருவன் சாக்ஸபோனை ஊதிக்கொண்டே எங்கேயோ போய்விட்டு, நாம் மறந்துபோன நேரத்தில் திரும்பி வருவான். மேளக்காரன் மட்டும் தன் வேலையில் கண்ணாக இருப்பான். மாதா கோவில் பேண்டைக் கேட்டு வளர்ந்த உனக்கு அது எப்படியோ பிடிபட்டது. எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. ஒரே ஒரு தட்டில் மட்டும் பாட்டு உண்டு. உறையில் ஒரு பெண்ணின் படம், கேட்டால் ஆண் குரல். உறை மாறிப்போய்விட்டது என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். தட்டு மெதுவாகச் சுற்றுகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பார்.

எல்லாத் தட்டுகளிலும் ஒன்று நமக்கு உயிர். நடுத்தாள் முழுக்கக் கரைந்த தட்டு, அதில் இரண்டாவது உருப்படி. அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி கிளம்புவது போல மெதுவாகத் தொடங்கும். ஒவ்வொரு பெட்டியாக இழுபட்டு, கடைசிப் பெட்டியும் நகர்ந்த பிறகுதான் பியானோ உள்ளே வரும். நீதான் அதற்குக் கூட்ஸ் வண்டி என்று பெயர் வைத்தாய்.

பிறகு நீ டேப் போடத் தொடங்கினாய். ஊரில் எல்லோரும் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தபோது, நீ வீட்டிலேயே கடை விரித்தாய். தொண்ணூறு நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். எந்த உருப்படியும் பாதியில் அறுபடக் கூடாது என்று கைக்கடிகாரத்தை வைத்து ஒவ்வொன்றையும் அளந்து, அட்டையில் எழுதி வைப்பாய். கொதிக்கிற ரசம், எட்டு நிமிஷம். மாமியார் வருகிறாள், ஏழு நிமிஷம். கூட்ஸ் வண்டி, பன்னிரண்டு நிமிஷம். எல்லாம் நீ வைத்த பெயர்கள். துறைமுகக் கேன்டீனுக்கு ஒன்று, தேரடி டீக்கடைக்கு ஒன்று, எனக்கு ஆறு. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவருக்கும் ஒன்று கொடுத்தாய். அவர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். அதைப் போட்டால் ஆட்கள் தூங்கிவிடுகிறார்களாம், இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவதில்லையாம். நீ கோபித்துக்கொண்டாய். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

உனக்கு ஒரே ஒரு குறை. கூட்ஸ் வண்டியை வாசித்தது யார்?

"பேரு தெரியணும் மாமு. இத்தினி வருசம் ஒர்த்தன் வூட்டுச் சோத்தத் துன்னுக்கினு, அவன் பேரு தெரியலன்னா எப்டி?" என்று கேட்பாய். அந்தப் பியானோவின் சொந்தக்காரன் பெயர். கேன்டீனுக்கு வரும் மாலுமிகளிடமெல்லாம் டேப்பைப் போட்டுக் காட்டினாய். வாயாலேயே இசைத்துக் காட்டியும் பார்த்தாய். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்தோம். பெயர் தெரியாத பாட்டைக் கம்ப்யூட்டரில் என்னவென்று அடித்துத் தேடுவது?

அதற்குள் உனக்கு இருதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மாடிப்படி ஏறக் கூடாது, மூட்டைகள் பக்கம் போகக் கூடாது. நாள் அதிகம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாம் பேசிக்கொள்ளவில்லை. பெயரைப் பற்றி மட்டும் பேசினோம்.

அந்தச் சமயத்தில்தான் உனக்குத் தெரிந்த ஒரு மாலுமி அந்த சிடியைக் கொண்டுவந்தார். எழுபதுகளில் வந்து, விற்காமல் மூலையில் போன தட்டுகளை இப்போது யாரோ தேடித் தோண்டியெடுத்து, பதினாலு குழுக்களிடமிருந்து ஆளுக்கு ஒன்றாகத் தொகுத்திருந்தார்கள். கூடவே ஒரு குட்டிப் புத்தகம். நாம் கேட்டுக்கொண்டிருந்த சங்கதிக்கு ஒரு பெயர் உண்டு என்பதையே அதில்தான் பார்த்தோம். சைகடெலிக் ஜாஸ் ஃப்யூஷன். நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதியது மாதிரி இருக்கிறது என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நீ வந்த பிறகு, உன் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். ஏழாவது தொடங்கியதும் உன் கை என் முழங்காலைப் பிடித்தது.

"மாமு, நம்ம கூட்ஸ் வண்டி."

நான் கண்ணை மூடிக் கேட்டேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். திருவொற்றியூரில் என் காதுக்கு ஒரு மரியாதை உண்டு, என் காது மேல் அந்த மரியாதை எனக்கும் உண்டு. ராகம் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் சுருதி ஏறிக் கிடந்தது, ஓட்டம் குதிரை மாதிரி இருந்தது. நம்முடையதில் இருக்கும் அந்தப் பாரம் இல்லை.

"இது இல்ல," என்றேன். "சுருதி வேற, நடை வேற. எவனோ நம்மாளப் பாத்து வாசிச்சிருக்கான்."

இன்னொரு தரம் போடச் சொன்னாய். போட்டேன். மறுபடியும் கேட்டாய். மூன்றாவது முறை முடிந்ததும் அந்தக் குட்டிப் புத்தகத்தை எடுத்து ஏழாவது பக்கத்தை ரொம்ப நேரம் படித்தாய். பிறகு மூடி வைத்தாய்.

"நீ சொன்னா சரி, மாமு."

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தாய். வாராவாரம் வந்து பழைய டேப்பைப் போடுவேன். இருவரும் கேட்போம். எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், இன்னும் இந்த மாதிரி சிடிகள் வரும் என்று ஒவ்வொரு முறையும் உனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். பார்க்கலாம் என்பாய். உன்னை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. பெயர் தெரியாமல் போய்விட்டாயே என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு பிளேயர், தட்டுகள், அந்த சிடி எல்லாவற்றையும் உன் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டார். பரணில் ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பம்புக்காரரை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். பிளேயரின் பின்பக்கத் தகட்டைத் துடைத்தேன். நூற்றுப்பத்து. அதற்குக் கீழே அறுபது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், துடிப்பை மாற்றாது. காயில் கட்டுகிறவனுக்கு இது அரிச்சுவடி. சிடியில் ஏழாவதைப் போட்டேன். சிடி பெட்டியின் சின்னக் கண்ணாடியில் நேரம் ஓடியது. சரியாகப் பத்து நிமிஷத்தில் முடிந்தது. உன் கேசட் அட்டையில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஐம்பதுக்கு அறுபது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதுதான் மாமு. நீ சொன்னதுதான். நாம் வருஷக்கணக்காகக் கேட்டது அவர் வாசித்ததை ஆறில் ஒரு பங்கு சோம்பலாக்கி. அந்த வண்டி உண்மையில் எக்ஸ்பிரஸ். நிலக்கரியும் இல்லை, பாரமும் இல்லை, அது என் டிரான்ஸ்ஃபார்மரின் கைங்கரியம். உறையில் இருந்த பெண்ணும் பாவம் பெண் குரலில்தான் பாடியிருப்பார். உன் டேப்பையும் சிடியையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எனக்கு இப்போதும் நம்முடையதுதான் பிடிக்கிறது. உலகத்தில் யாருமே வாசிக்காத ஒன்றைக் கேட்டு நாம் இத்தனை வருஷம் உருகியிருக்கிறோம். இதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

ஏழாவது பக்கத்தில் பியானோக்காரர் பெயர் இருக்கிறது. பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருக்கின்றன. ஒரே ஒரு தட்டுத்தான் போட்டாராம். அது விற்கவில்லை, பிறகு பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலைக்குப் போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்ல முடியாததை உன் மனைவியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று. அவர் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தார். அறுபது, ஐம்பது, டிரான்ஸ்ஃபார்மர் என்று நான் விளக்க விளக்கத் தலையைத் தூக்காமல் கேட்டார். கடைசியில், பெயர் தெரியாமலே அவரை அனுப்பிவிட்டேன் தங்கச்சி, என் தப்புதான் என்றேன்.

"தெரியாமப் போவலண்ணே," என்றார். "அவுருக்கு அன்னிக்கே தெரியும். அந்த வாரமே மாதா கோயில்ல அந்தாளு ஆத்துமா சாந்திக்குன்னு அந்தப் பேருல ஒரு பூச எழுதிக் குடுத்தாரு. சாமியார் படிக்க சொல்லோ பேரு வாயில நொழையல, ரெண்டு தபா படிச்சாரு. இவுரு முன்னாடி பெஞ்சில உக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு."

பிறகு அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னார். பக்கத்துத் தெருக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர்கள், வயசாகிப் போனவர்கள் பெயர்களோடு அந்தப் பெயரும் அன்று ராயபுரத்தில் வாசிக்கப்பட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, நாலு மாதம் வாராவாரம் வந்தேனே என்று கேட்டேன்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா ஒத்துக்குனு இருப்பீங்களாண்ணே?"

டீ குடித்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், மாமு. சுருதியைச் சொல்லி, நடையைச் சொல்லி, சாகக் கிடக்கிறவனோடு சண்டை பிடித்திருப்பேன். ஜெயித்தும் இருப்பேன். அது தெரிந்துதான் நீ பெயரை உன்னோடு வைத்துக்கொண்டாய். உனக்கு அது கிடைத்துவிட்டது என்பதில் எனக்கு நிம்மதி. என்னிடம் சொல்லாமல் போனது வலிக்கிறது. வாராவாரம் உனக்குத் தைரியம் சொல்ல வந்தவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து, நான் மனம் நோகாமல் வீடு போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டாய்.