மூன்று முறை சறுக்கினேன்

சறுக்குவதற்கென்றே காஷ்மீருக்குப் போன என் வீட்டுக்காரருக்கு,

என்னங்க, நீங்கள் இருக்கிற இடத்தில் குளிரா, வெயிலா? இங்கே பங்குனி பிறந்ததிலிருந்து காஞ்சிபுரம் கொதிக்கிறது. தறிக்குழியில் காலை விட்டால்தான் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது. நம் பெண் மல்லிகாவைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் என் பழைய அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பட்டாளத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷம் குல்மார்க்கிலிருந்து ஒரு கார்டு போட்டீர்களே, நினைவிருக்கிறதா? ‘இன்று பனியில் மூன்று முறை நன்றாகச் சறுக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.’ படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் மூன்று தடவை வழுக்கி விழுகிறார், கூட இருக்கிற தடியன்கள் கை தட்டுகிறார்களா! எனக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் புல் மேல் நிற்கிற பனிதான். அதில் வழுக்கி விழக் காஷ்மீர் வரைக்கும் போவானேன் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டேன். அன்றைக்கே முழங்கால் தைலம் ஒரு பாட்டில் பார்சல் செய்தேன்.

அதற்கு வந்த பதில் இன்னும் மோசம். ‘தைலத்தைக் கட்டைக்கு அடியில் தேய்த்தேன். நாலு முறை சறுக்கினேன்.’ போச்சு, கால் முறிந்து கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் அழுதேன்.

லீவில் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “அடி பைத்தியமே, சறுக்கறதுன்னா விழறது இல்லடி. விழாம எறங்கறது. கால்ல ரெண்டு நீளக் கட்டைய மாட்டிக்கினு தறி மிதிக்கிற மாதிரிதான். வலது மிதிய அழுத்தினா இடது பக்கம் திரும்பும், இடது மிதிய அழுத்தினா வலது பக்கம். அங்க இருக்கிறவங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. எனக்கு ரெண்டே நாள்!” என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டீர்கள்.

அப்போதுதான் பங்குனிப் பனியைப் பற்றியும் சொன்னீர்கள். “கடைசிப் பனிதான் ருசி. விடிகாலைல கெட்டியா இருக்குது. வெயில் ஏறினா மலையே எளகிடும். அதுக்குள்ள திரும்பிடணும்.”

“நம்ம தெருப்பாவு மாதிரியா?” என்று கேட்டேன். விடிவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டுமே, அந்தப் பாவு.

“அதேதான்டி கோமளா” என்றீர்கள்.

அடுத்த பங்குனியில் தந்திதான் வந்தது. உங்களோடு இருந்த வாலாஜாபாத் ரங்கசாமி பிறகு வந்து இந்த வாசலில் நின்று அழுதான். “அண்ணன் சறுக்கி விழல அண்ணி. மலைதான் சறுக்கிச்சு. நாங்க ஒம்போது மணிக்கே எறங்கிட்டோம். பின்னால ரெண்டு பேரக் காணோம்னு அண்ணன் மட்டும் திரும்பிப் போனாரு.” அந்த இரண்டு பேரும் பிழைத்து வந்துவிட்டார்கள். வெயில் ஏறியது தெரிந்துதானே போனீர்கள்? எத்தனையோ நாள் தறியில் உட்கார்ந்து உங்களைத் திட்டியிருக்கிறேன். கேட்டதா?

இப்போது சேதிக்கு வருகிறேன். மல்லிகா மதராஸில் காலேஜ் படிக்கிறாள். போன மாசம் ஊருக்கு வந்தவள், காலேஜிலிருந்து காஷ்மீருக்கு ஒரு குழு போகிறது, அதில் தன்னையும் எடுத்திருக்கிறார்கள் என்றாள். ஒரு வாரம் குல்மார்க் சரிவில் பயிற்சி. அப்புறம் இரண்டு நாள், ஹோட்டலும் கிடையாது, ஜனமும் கிடையாது, அதற்கும் மேலே உள்ள மலைக்குள். அதே கட்டை, அதே பங்குனி. நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

உங்கள் தம்பி குதித்தார். “ஒருத்தரக் குடுத்தது போதாதா அண்ணி? பேப்பரக் கிழிச்சுப் போடுங்க!” நான் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. காகிதம் இரண்டு நாள் தறிப் பலகைக்கு அடியில் கிடந்தது. மல்லிகா ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் விடியலில் தெருவில் பாவு போட்டோம். கோடி வீட்டு ஓட்டில் வெயில் பட்டதும், “சுருட்டிடலாம்மா” என்றாள்.

“இருடி, இங்க ஒரு இழ அறுந்துக்கினு இருக்குது. முடிச்சுப் போட்டுட்டு வரேன்.”

“உள்ள போய்ப் போட்டுக்கலாம். வெயில் வந்துடுச்சு, வாம்மா.” சொன்னவள் எனக்காக நிற்கவே இல்லை, மறுமுனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அறுந்த இழைக்காக நிற்க மாட்டாள், சரி. பின்னால் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால்? திரும்பிப் போவாள். உங்கள் பெண்தானே? அது தெரிந்துதான் போட்டேன். வேறு மாதிரிப் பெண்ணை நாம் வளர்க்கவில்லை. அன்றைக்குத்தான் உங்களைத் திட்டுவதையும் நிறுத்தினேன்.

புறப்படும்போது பெட்டியில் ஒரு தைலப் பாட்டில் வைத்தேன். “முழங்காலுக்கா?” என்றாள். “கட்டைக்கு அடியில தேய்க்க. உங்கப்பா ரகசியம்” என்றேன்.

நேற்று கார்டு வந்தது. ‘அம்மா, உள்மலைக்குப் போய் வந்துவிட்டோம். மூன்று முறை சறுக்கினேன். ஒன்பது மணிக்குள் எல்லோரும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பின்னால் ஒருவரும் இல்லை, எண்ணிப் பார்த்தேன்.’

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் கார்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். அன்றைக்குப் புலம்பிய ஒவ்வொரு வீட்டிலும், “எம் பொண்ணு மூணு தடவ சறுக்கினாளாம்!” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த பங்குனியில் மல்லிகாவோடு நானும் வருகிறேன். கட்டை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை சறுக்குவேன். விழுந்தாலும் பரவாயில்லை, இந்த முறை நீங்கள் கை தட்டுங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கடிதத்தைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட மனைவி,
மல்லிகாவின் அம்மா கோமளா