பிரிட்ஜ் கதவில் நம் படம்

என் வீட்டுக்காரிக்கு,

கடல் தாண்டியிருந்து பணம் அனுப்பி நம் ஊழியத்தைத் தாங்குகிறவர் என்றதும் பெரிய பங்களாவை நினைத்திருந்தேன். இவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். வீடு இரண்டே அறை. பிரிட்ஜ் கதவில் நம் குடும்பப் படம். இவர்கள் தினமும் விரல் வைத்து ஜெபித்ததில் நம் பெரியவன் முகம் மட்டும் வெளுத்துப்போயிருக்கிறது.

"மூணு வருஷமா நீங்க மாசாமாசம் அனுப்புற ஜெபக் கடிதத்துல பெரிய தம்பியப் பத்தி ஒரு வரிகூட இல்லையே பாஸ்டர். அதான் அவருக்கு மட்டும் ரெண்டு தடவை ஜெபிக்கிறோம்" என்றார் அவர் மனைவி, காபியை நீட்டியபடி.

இனி வீட்டுப் படியேறாதே என்று அவனை அனுப்பியவனே நான்தான். நேரில் பார்த்திராத பிள்ளைக்காக இப்படியும் ஜெபிப்பார்களா? நான் அவன் பேரைச் சொல்லியே மூன்று வருஷமாகிறது.

அவனுடைய புது நம்பர் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். அனுப்பிவை.

இப்படிக்கு,
அவன் அப்பா