கேட்காமல் வரைந்த முகம்

மார்ச் 3
சலவைக்கடைச் சுவர் ஓவியம் முடிந்தது. ஐந்து வருடமாக ஓட்டல் சுவர்களில் காபிக் கோப்பை வரைந்த கை, முதல்முறையாகச் சொந்தத் தெருவில் ஒரு மனுஷியை வரைந்திருக்கிறது. எதிர்க்கடைத் தையல்காரம்மா, பன்னிரண்டு அடி உயரத்தில், மிஷினோடு. அவர் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் சொல்லாமல் முடித்தேன். வந்து பார்த்து அசந்துபோகட்டும்!

மார்ச் 5
வந்துவிட்டார். முதல் கேள்வியே, "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பூட்டிய கடை, எதிரே சுவரில் பெரிய முகம். தெருவே முடிவு கட்டிவிட்டது. காலையிலிருந்து மூன்று பேர் துக்கம் விசாரிக்க வந்தார்களாம். ஒருவர், தைக்கக் கொடுத்த துணியை இனி யாரிடம் வாங்குவது என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "என் மூஞ்சியை அழிச்சிடும்மா."

மார்ச் 6
அழிப்பதா? அந்த மூக்குக்கு மட்டும் மூன்று நாள்!

அக்காவிடம் புலம்பினேன். "வரையறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள்.

கேட்கவில்லை. ஏன் கேட்கணும்? ஆசையாத்தானே வரைஞ்சேன்? — என்னமோ போ. ஒண்ணுமே புரியலை.

மார்ச் 9
முழுச் சுவருக்கும் வெள்ளையடித்தேன். கோபத்தில்தான்.

மார்ச் 10
தையல்காரம்மா ஓடி வந்தார். "மூஞ்சியைத்தானே அழிக்கச் சொன்னேன்? மிஷின் அம்சமா இருந்துச்சே!"

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவரோ துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸை எடுத்து, சுவரில் ஒரு சட்டைக்கை வரைந்தார். ஒரே இழுப்பு, அளவு பிசகவில்லை. சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இஸ்திரிப் பெட்டி இல்லாம என் சுவரா?" என்றார்.

மார்ச் 21
அவர்கள் இருவரும், பிறகு தெருவில் ஒவ்வொருவராக வந்தும் போட்ட கோடுகளையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு பகுதியிலும் பூச வேண்டிய நிறத்தின் எண்ணை எழுதினேன். தெருவே வந்து, எந்த இடம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டு பூசியது. நீலம் வழிந்தது. திருத்தக் கை துறுதுறுத்தது, கட்டிக்கொண்டு நின்றேன்.

நான் வரைந்தது இதைவிட நன்றாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக யாரும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டதில்லை. இது யார் படம்? நான் இங்கே என்னதான் செய்தேன்?

ஏப்ரல் 17
சமூகக்கூடத்து நிர்வாகிகள் கூப்பிட்டார்கள். பக்கத்து நான்கு தெருக்களிலும் இதேபோல் செய்ய வேண்டும், நிரந்தர வேலை. படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'ஓவியர்' என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. காலியாகவே விட்டுக் கொடுத்தேன்.

மே 2
புதுத் தெரு. பெயிண்ட் எடுத்துப் போகவில்லை. சுவருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் நின்றார்.

"இங்க என்ன வரையப் போறீங்க?"

"தெரியலைங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார்.