வசனம் இல்லாத படமும் என் குறுவையும்

புரட்டாசி 8, வியாழன்

புழுக்கம். பள்ளிக்கு அரை நாள் லீவு. சென்னையிலிருந்து படக்காரர்கள் மூன்று பேர். இயந்திரமும் நவீன வாழ்க்கையும் பற்றி ஆவணப்படமாம். கதை கிடையாது. வசனம் கிடையாது. விளக்கிச் சொல்லும் குரல்கூடக் கிடையாது. இசை மட்டும்.

"அப்ப என்னதாங்க புரியும்?"

"ஃபீல் பண்ணணும் சார்." டைரக்டர். இனி டை.

இதுவரை எடுத்தது: ஏ.டி.எம். வாசல் வரிசை, கும்பகோணம் பஸ்ஸில் போனுக்குள் குனிந்த தலைகள், ட்ரோன் மருந்தடிப்பு. ட்ரோன்காரனை ஒரு நிமிஷம் சிரிக்காமல் காமிராவைப் பார்க்கச் சொன்னார்களாம். பாவம், தும்மிவிட்டான்.

பாக்கி, அறுப்பு மெஷின். என் வயலில்தான் எடுப்பார்களாம். பின்னால் செல்போன் டவர் தெரிகிறதாம். இரண்டு ஏக்கர் குறுவை நெல்லுக்கு அவ்வளவுதான் மரியாதை.

புரட்டாசி 9, வெள்ளி

மெஷின் வந்தாயிற்று. வாய்க்கால் தலைப்பிலிருந்து வயல் வயலாக அறுத்துக்கொண்டு வரும். முறையை விட்டவன் கடைசி. என் முறை மதியம் இரண்டு மணி.

டை.: "இப்ப வெயில் ரொம்ப ஹார்ஷா இருக்கு சார். சாயங்கால லைட் தங்கமா இருக்கும்."

மெஷின் டிரைவர், ஆத்தூர்க்காரர்: "வாத்தியாரே, இப்ப விட்டா நாளைக்குச் சாயங்காலம்தான். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

என் மனைவி செல்வி வரப்பிலிருந்து கத்தினாள். "ஏங்க, தட்டான் தாழப் பறக்குது. முதல்ல நெல்லு வீடு வந்து சேரட்டும்!"

எனக்குத் தெரியாதா? இயற்பியல் வாத்தியார் அல்லவா. போனில் வானிலை பார்த்தேன். நாளைக்குச் சூரியன் வரைந்திருந்தது. நாளைக்கே இருக்கட்டும் என்றேன். டை. கையைக் குலுக்கினான். மெஷின் பக்கத்து வயலில் இறங்கியது. டவர் முன்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

புரட்டாசி 10, சனி

விடிவதற்குள் பிடித்த மழை. பயிர் தரையோடு படுத்துவிட்டது. வயலில் முழங்கால் தண்ணீர், மெஷின் இறங்காது. பக்கத்து வயல்காரர் நெல் நேற்றே வீட்டுக்குள்.

குடை பிடித்துக்கொண்டு படமெடுத்தார்கள். "பியூட்டிஃபுல்" என்றான் டை. தூ.

செல்வி நேரே போய்க் காமிரா முன்னால் நின்றாள். பத்து நிமிஷம். "சாயங்கால வெளிச்சத்துக்காடா காத்துக் கெடந்தோம்? நாலு மாசம் சேத்துல நின்னது நானு. ஒங்க படத்தப் பாக்கறவன் சோறு திங்கமாட்டானா?" அந்த வசவு எனக்கும் சேர்த்துத்தான்.

புரட்டாசி 14, புதன்

கதிரிலேயே முளைத்துவிட்டது. ஆள் விட்டு அறுத்ததில் பாதிகூடத் தேறாது. செல்வி சோறு போடுகிறாள், பேச்சில்லை.

தை 6

பனி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் படம் போட்டார்கள். செல்வி தானாகவே கிளம்பினாள். "நான் கேட்டத நாலு பேரு கேக்கட்டும்."

ஒன்றரை மணி நேர வதை. எஸ்கலேட்டர், ட்ராஃபிக், எஸ்கலேட்டர். பிறகு திரை நிறைய நான். டவர் முன்னால் நின்று, ஸ்லோமோஷனில், தலை சீவுகிறேன். எனக்குப் பின்னால் மேகம் திரள்கிறது. அடுத்து செல்வி. வாய் அசைகிறது, கை வீசுகிறது. ஃபிடில் இசை மட்டும். ஒரு சொல் இல்லை. கைதட்டல்.

வெளியே வந்து கேட்டாள். "நான் பேசினது எங்கங்க?"

"வசனமே கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னானே."

"அவன் படத்துல கெடையாது, சரி. வரப்புலேருந்து கத்தினேனே, ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

பஸ் வந்துவிட்டது. கேட்டது என்று இங்கேதான் எழுத முடிகிறது.