வீட்டிலிருந்து போட்ட அட்சதை

அண்ணி,

இன்று காலை எதிர்வீட்டில் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்தார்கள். தூசி வாடை தெருவில் ஏறியதுமே ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், இனி யாருக்காக என்று உறைத்தது.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், புற்றணுவைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்றார்கள். உங்களுக்கு முடி கொட்டவில்லை. கடைப் பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டும் தெம்புகூட இருந்தது. ஆரணியில் யாருக்கும் நீங்கள் நோயாளியாகவே தெரியவில்லை. ஆனால் அந்த மாத்திரை வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும், சின்னச் சளிகூட நெஞ்சில் இறங்கலாம், இடிக்கிற வீட்டுத் தூசியில் பூஞ்சை இருக்கும், காய்ச்சல் கண்டால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூவும் பழமுமாக வந்தவர்களை வாசலிலேயே திருப்பியனுப்பி நான் பொல்லாதவள் ஆனேன்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகள் கல்யாணம். முந்தின நாள் பரிசோதனையில் வெள்ளை அணு ரொம்பவும் இறங்கியிருந்தது. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்றார் டாக்டர். பெற்றவள் இல்லாமல் தாலி கட்டுவதா, அரை மணி நேரம் வந்து நின்றால் என்ன ஆகிவிடும் என்று போளூர் சித்தப்பா கோபித்துக்கொண்டார். மகள் அழுதாள். அவளை அறை வாசலில் நிற்கவைத்து, "நான் வந்தா இன்னிக்கு மட்டும் பாப்பேன். வரலன்னா உன் தலை தீபாவளியும் பாக்கலாம்டி. போய் ரெடியாவு" என்றீர்கள்.

மண்டபத்திலிருந்து நான் செல்போனில் காட்டினேன். தாலி ஏறியதும் நீங்கள் போன்மேலேயே அட்சதை தூவினீர்கள். என் திரை முழுக்க மஞ்சள் அரிசி.

பிறகு ஒருமுறை காய்ச்சல் வந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். "எனக்கு இது சாதாரணக் காய்ச்சல் இல்லீங்க, ஜல்தி வண்டியக் கூப்புடுங்க" என்று நீங்களே எழுந்து கிளம்பினீர்கள். அன்று பிழைத்துத் திரும்பினீர்கள்.

மார்கழியில் வந்தது நுரையீரலில் பூஞ்சைத் தொற்று. அப்போதும் தாமதிக்காமல்தான் போனோம். மருந்து கேட்கவில்லை. புற்று கட்டுக்குள்தான் இருந்தது என்றார் டாக்டர். மாத்திரைதான் உங்களைக் கொண்டுபோனது என்று அண்ணன் இன்னமும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

என்னிடம் இருப்பது அந்தத் தீபாவளிக் காலை. அணுக்கள் ஏறியிருந்தன. மருமகனுக்கு நீங்களே எண்ணெய் வைத்துவிட்டு, மகளைப் பக்கத்தில் இழுத்தீர்கள். மாதக்கணக்கில் அவளைத் தொடாத கை, எண்ணெயோடு அவள் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. கண்ணில் எண்ணெய் இறங்கியும் அவள் நகரவில்லை.