பன்னிரண்டு ஆலோசனைகள் தொடர்பாக

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14ஆம் திகதி, வியாழக்கிழமை

பதிவுத் தபால்

திரு. இராகுலன்,
மூன்றாம் வருடம், ஆண்கள் விடுதி.

மதிப்பிற்குரிய சிரேஷ்ட மாணவர் அவர்கட்கு,

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலரை மணியளவில் எமது குடும்பம் முழு வரவுடன் கூடி ஒரு தீர்மானம் எடுத்தது. லக்சாயினியின் நீல நிற இறப்பர் செருப்பு இனிமேல் குளியலறையில் மட்டுமே பாவிக்கப்படும். தீர்மானத்தை முன்மொழிந்தவள் லக்சாயினி. அவளுடைய அப்பா வழிமொழிந்தார். நான் ஆட்சேபிக்கவில்லை. செருப்பு அன்றே இடம் மாற்றப்பட்டது.

இதை உங்களுக்கு அறிவிக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. ஏனென்றால் அந்தச் செருப்பு உங்கள் சொற்படி வாங்கப்பட்டது. "முதலாம் வருட மாணவருக்கான ஆலோசனைகள்" என்று நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பன்னிரண்டில் அதுதான் முதலாவது. இறப்பர் செருப்பு, நீலம், குதி உயராதது. நகரத்தில் நாலு கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடையில் பச்சை நிறத்தில் நல்லதொன்று இருந்தது. பச்சை என்றால் விடுதி அண்ணாமார் ஏசுவார்கள் என்று சொல்லி அவள் அழப் பார்த்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் லக்சாயினியின் தாய் சுலோஜனா. என் தொலைபேசி இலக்கத்தை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் எழுதுகிறேன். பதிவுத் தபாலை அப்படித் தடுக்க ஏலாது. இருபத்தாறு வருடங்களாக ஒரு அரச அலுவலகத்தில் கடிதம் எழுதுவதே என் வேலை. ஆகவே உங்கள் ஆலோசனைகளைத் தொழில் முறையிலும் பாராட்ட விரும்புகிறேன். கட்டளைக்கு ஆலோசனை என்று பெயர் வைக்க எங்கள் திணைக்களத்துக்கு அரை நூற்றாண்டு எடுத்தது. நீங்கள் இரண்டே வருடத்தில் படித்துவிட்டீர்கள்.

ஏழாவது ஆலோசனைப்படி உங்களை அண்ணா என்றுதான் அழைக்க வேண்டும். வயது வித்தியாசம் பார்க்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு. விலக்கு ஏதும் உண்டா என்று தெரியாததால் இந்தக் கடிதத்தில் உங்களை அப்படி விளிப்பதைத் தவிர்த்திருக்கிறேன். குற்றமாயின் மன்னிக்கவும்.

அனுமதிக் கடிதம் வந்த கிழமை நான் சாம்பல்தீவுக்கு உங்கள் வீடு தேடி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால், அங்கே ஏற்கனவே படிக்கும் நம்மூர்ப் பிள்ளை யார் என்று விசாரித்து, ஒரு பார்சலுடன் போய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி பாரம் கொடுத்துவிட்டு வருவது எங்களிடம் உள்ள வழக்கம். எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நீங்கள் எழுந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டீர்கள். தேத்தண்ணீரை நீங்களே கொண்டு வந்து தந்தீர்கள். "அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எங்கட ஊர்ப் பிள்ளை, என்ர தங்கச்சி மாதிரி" என்றீர்கள். தையல் மெசினில் இருந்த உங்கள் அம்மா, திருமதி இரத்தினேஸ்வரி, தலையை நிமிர்த்தாமலே, "டேய், அந்தப் பிள்ளைக்கு ஒரு குறை வராமல் பாக்கோணும், விளங்குதோ?" என்றார். "ஓம் அம்மா, ஓம்" என்று நீங்கள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அன்றைக்குத்தான் நான் அந்தப் பிழையை விட்டேன். லக்சாயினிக்கு ஐந்து வயதிலிருந்து வாய் திக்கும் என்பதை உங்களிடம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, எல்லாம் தெரியும், சொல் மட்டும் வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்றேன். இடையில் புகுந்து அவளுடைய வசனத்தை நீங்களாக முடித்துவிட வேண்டாம், அவள் முடிக்கும் வரை எல்லாரும் பொறுத்திருந்தால் போதும் என்றும் கேட்டுக்கொண்டேன். நீங்கள் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த வயதில் இவ்வளவு அக்கறையா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

என் வேண்டுகோளை இவ்வளவு அச்சொட்டாக எவரும் நிறைவேற்றியதில்லை. பதினைந்து வருடத்தில் அவளுடைய ஆசிரியர்கள் கூடச் செய்யவில்லை.

நடந்ததை நான் அறிந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும். லக்சாயினிக்கு நீங்கள் வைத்த பட்டம் "வானொலி". மதியம் பன்னிரண்டரைக்கு, சிற்றுண்டிச்சாலையில், அவள் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று செய்தி வாசிக்க வேண்டும். செய்தி என்பது உங்களுடைய பன்னிரண்டு ஆலோசனைகள். அவள் வாசித்து முடிக்கும் வரை முதலாம் வருடத்தார் முப்பத்தெட்டுப் பேரும் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கக் கூடாது. யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எல்லாரும் பொறுத்திருக்க வேண்டும். நீங்கள் கைத்தொலைபேசியில் நேரம் எடுத்தீர்கள். முதல் நாள் பதினொரு நிமிடம். இரண்டாம் கிழமை பத்தொன்பது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளின் கணக்கை நீங்கள் எழுந்து நின்று அறிவித்தீர்களாம். ஒன்றரைக்கு விரிவுரை. சாப்பிடாமல் ஓடிய பிள்ளைகள் யாரைக் கோபித்திருப்பார்கள்? உங்களையா? நீங்கள் அண்ணா அல்லவா? "உன்னாலதான்ரி எங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்று அவளுடைய வகுப்புப் பிள்ளையே ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாளாம்.

மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை அவள் கதிரையில் ஏறினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்றரை மணி வரை ஒன்றும் வரவில்லை. அன்றைய நேரத்தை நீங்கள் எப்படிக் குறித்தீர்கள் என்பதை அறிய ஆவல்.

ஒன்பதாவது ஆலோசனை, விடுதியில் நடப்பதை வீட்டுக்குச் சொல்லக் கூடாது, வீட்டார் வீணாகக் கவலைப்படுவார்கள் என்கிறது. லக்சாயினி அதை மீறவில்லை. எங்களுக்குத் தொலைபேசி எடுத்தது அவளுடன் ஒரே அறையில் இருந்த கிண்ணியாப் பிள்ளை றிஷானா. "அன்டி, லக்சா நேத்தையிலிருந்து ஒரு சொல்லும் பேசுறா இல்ல. தண்ணி வேணுமா எண்டு கேட்டாலும் தலையத்தான் ஆட்டுறா. ஒருக்கா வந்து கூட்டிட்டுப் போங்க" என்றது. அந்தப் பிள்ளையை நீங்கள் எல்லாரும் இப்போது ஒதுக்கி வைத்திருப்பதாக அறிகிறேன். அதற்கும் ஒரு ஆலோசனை இருக்கும்.

அவளுடைய அப்பா போய்க் கூட்டி வந்தார். மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து ஒன்பது நாள் இந்த வீட்டில் அவளுடைய குரல் கேட்கவில்லை. சோறு போதும் என்பதைக் கையால் சொன்னாள். தலையிடி என்பதைக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். பன்னிரண்டாம் திகதி பிற்பகல் குசினி வாசலில் வந்து நின்று, அந்தச் செருப்பைக் குளியலறைக்குப் போடலாம் என்றாள். ஆறு சொல் கூட இல்லை. நானும் அவளுடைய அப்பாவும் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதனால்தான் அந்தத் தீர்மானத்தை இந்தக் கடிதத்தின் தலையில் வைத்தேன்.

இலக்கத்தைத் தடுப்பதற்கு முன் நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியை அச்சிட்டு வைத்திருக்கிறேன். "அன்ரி, இது சும்மா பகிடி. நாங்களும் இப்பிடித்தான் வந்தனாங்கள். கொம்ப்ளெயின் பண்ணினால் அவளோட ஒருத்தரும் கதைக்க மாட்டினம். பிறகு கவலைப்படக் கூடாது." அறிவுறுத்தலுக்கு நன்றி. நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள் என்பதை நம்புகிறேன். யாரோ உங்களையும் ஒரு கதிரையில் ஏற்றியிருப்பார்கள். இறங்கியதும் கதிரையைத் தூக்கி எறியாமல், அதைத் துடைத்து, அடுத்த ஆளுக்காகப் பத்திரமாக எடுத்து வைத்தீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. நானும் நிறையப் படித்தவள்தான். எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஒரு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இரண்டாவது ஆலோசனை, பாவாடை கணுக்கால் வரை, பூப் போடாதது என்பது. அந்தப் பாவாடைகள் இரண்டையும் தைத்தது உங்கள் அம்மா. யார் போட்ட விதி என்று அவருக்குத் தெரியாது. கரையைக் கையால் மடித்துத் தைத்து, வளருகிற பிள்ளை என்று உள்ளே இரண்டு அங்குலம் விட்டிருந்தார்.

உங்கள் பட்டியலில் பதின்மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்கிறேன். இது பெற்றோருக்கானது. பிள்ளையின் நோவு எந்த இடத்தில் என்று நம்மூர்ப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்க வேண்டாம்.

பதினெட்டாம் திகதிக்குள் அவள் திரும்பி வராவிட்டால் பதிவு இரத்தாகும் என்று பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது. வருவாளா என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் சொல்லும் வரை பொறுத்திருக்கிறேன். எனக்குப் பழக்கம் உண்டு.

வந்தால், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதையும் நாலு பேரைக் கூட்டி வைத்துத்தான் கேட்பீர்கள். அந்தச் சிற்றுண்டிச்சாலையில் அவளுக்கு ஒரு கதிரையை விட்டு வையுங்கள். அதில் அவள் இருந்து சாப்பிடட்டும்.

உங்களுக்குக் கோணேசர் நீண்ட ஆயுளைத் தரட்டும். நல்ல ஞாபகசக்தியையும் சேர்த்துத் தரட்டும்.

இங்ஙனம்,
சுலோஜனா இராசநாயகம்

பிரதிகள் (16ஆம் திகதி சனிக்கிழமை கையால் எழுதிச் சேர்த்தது):

1. உபவேந்தர். பதிவுத் தபாலில்.

2. ஒழுக்காற்று விசாரணைக் குழு. லக்சாயினி நாளைக் காலை பஸ்ஸில் புறப்படுகிறாள். பதினெட்டாம் திகதி நேரில் கையளிப்பாள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகிறாள்.

3. திருமதி இரத்தினேஸ்வரி, சாம்பல்தீவு. இன்று காலை வீட்டில் கையளிக்கப்பட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைத் திருத்தக் கொடுத்திருந்தபடியால் லக்சாயினி வாசித்துக் காட்டினாள். முழுவதும் வாசித்து முடிக்க ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. அவர் இடையில் எழும்பவில்லை.